உற்பத்தி நின்றுபோன இணையத் தொலைபேசி அடாப்டர்: திருத்தி வைத்திருப்பதா, விட்டுவிடுவதா?

வெள்ளவத்தையில் தொடர்மாடி வீடொன்றில் தாயாருடன் வசிக்கும் ஒருவர் கேட்டிருப்பது இதுதான். ரொறன்ரோவிலுள்ள அண்ணன் பல ஆண்டுகளுக்கு முன் அனுப்பிவைத்த லிங்க்சிஸ் பிஏபி2டி என்ற, சாதாரணத் தொலைபேசியை இணையத்தோடு இணைக்கும் சிறிய பெட்டியில் கனடா எண்ணொன்று இயங்கிவந்தது. வீட்டு இணைப்பு செம்புக் கம்பியிலிருந்து ஒளியிழைக்கு மாறிய பிறகு மணி ஒலிக்கிறது, எடுத்தால் அம்மாவின் குரல் அங்கே கேட்கிறது, ஆனால் அங்கிருந்து பேசுவது இங்கே கேட்பதில்லை. போதாக்குறைக்கு, சில நாட்களில் மணி ஒலிக்கும்போதே பெட்டி அணைந்து மறுபடி எரிகிறது. உற்பத்தி எப்போதோ நின்றுவிட்ட இந்தப் பெட்டியைத் திருத்தலாமா, எறிந்துவிடுவதா?

திருத்தலாம் என்பதே என் பதில். நீங்கள் சொல்லும் இரண்டு கோளாறுகளும் ஒன்றோடொன்று தொடர்பில்லாதவை; ஒன்று மின்வழங்கியிலும் மற்றது ரவுட்டரிலும் இருக்கிறது. பெட்டியின் உள்ளே கெட்டுப்போனதற்கான அறிகுறி எதுவும் உங்கள் விவரணையில் இல்லை. கைப்பேசியின் திரையைத் தடவிப் பழகாத, கண்பார்வை குறைந்த ஒரு தாய்க்கு, மணி ஒலித்ததும் கைபிடியைத் தூக்கினால் பிள்ளையின் குரல் கேட்கும் ஒரு தொலைபேசி எவ்வளவு பெரிய விடயம் என்பதை நான் என் வீட்டிலேயே கண்டிருக்கிறேன். ஆகவே இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், இத்தனை பழைய பெட்டி இன்னும் எப்படி வேலை செய்கிறது என்பதை விளங்கிக்கொள்வது பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் உதவும். இந்தப் பெட்டி பேசும் மொழி சிப் எனப்படும் நெறிமுறை. அதன் இன்றைய வடிவம் 2002இல் ஆர்எஃப்சி 3261 என்ற ஆவணமாக வெளியானது. இணையத் தொலைபேசிச் சேவை வழங்குவோர் இன்றும் அதே மொழியைத்தான் பேசுகிறார்கள். எனவே பெட்டியைச் செய்த நிறுவனம் கைவிட்டாலும், அழைப்புகளைக் கொண்டுவரும் சேவை அதைக் கைவிட வேண்டியதில்லை. பிஏபி2டியின் வம்சாவளியும் பயனுள்ள செய்தி. கொமோடோ என்ற நிறுவனத்தைத் தொடங்கி 2000ஆம் ஆண்டில் சிஸ்கோவிடம் விற்ற பொறியியலாளர்கள், அதன்பின் சிபுரா என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அதையும் 2005இல் சிஸ்கோவே வாங்கியது. அப்போது லிங்க்சிஸ் சிஸ்கோவின் கையில் இருந்ததால், சிபுராவின் மென்பொருள் லிங்க்சிஸ் பெயர்ப்பலகையோடு பிஏபி2டியாக விற்பனைக்கு வந்தது. அதே பொறியியலாளர்கள் மூன்றாவதாகத் தொடங்கியதுதான் ஓபி பெட்டிகளைச் செய்த ஓபிஹாய். இதை ஏன் சொல்கிறேன் என்றால், உங்கள் பெட்டிக்கான கையேடு கிடைக்காவிட்டால் சிபுரா எஸ்பிஏ வரிசையின் எந்தப் பழைய கையேட்டையும் எடுத்து வாசிக்கலாம். பக்கங்களும் கட்டளை எண்களும் பெரும்பாலும் ஒன்றே.

இனி மின்வழங்கி. அமைப்புகளைத் தொடுவதற்கு முன் இதைச் சரிசெய்துவிடுங்கள். நலிந்த மின்வழங்கியோடு அமைப்புகளைச் சோதிப்பது, ஓட்டைக் குடத்தில் நீர் அளப்பதற்குச் சமம். பிஏபி2டிக்கு வேண்டியது 5 வோல்ட், 2 அம்பியர் நேர்மின் (டிசி). தெஹிவளையில் என் பெரியக்கா வீட்டுப் பெட்டியிலும் உங்களுடைய அதே குறைதான் இருந்தது. சும்மா இருக்கும்போது மல்டிமீட்டரில் அளந்தால் 5.1 வோல்ட் காட்டியது, எல்லாம் சரி என்று தோன்றியது. கைப்பேசியிலிருந்து அந்த எண்ணுக்கு ஓர் அழைப்பை எடுத்துவிட்டு மீட்டரின் முனைகளை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தேன். முதல் மணி ஒலித்த கணத்தில் எண் 4.3க்கு இறங்கியது, பெட்டியின் விளக்குகள் எல்லாம் ஒருசேர அணைந்து, பிறகு ஒவ்வொன்றாக எரிந்தன. பழைய தொலைபேசியின் மணியை ஒலிக்கச் செய்யப் பல பத்து வோல்ட் மாறுமின் தேவை. அதை இந்தப் பெட்டி தன் 5 வோல்ட்டிலிருந்துதான் உருவாக்க வேண்டும். அந்த நேரத்தில் மட்டும் அது மின்வழங்கியிடம் அதிகமாகக் கேட்கும். மின்வழங்கியின் உள்ளே இருக்கும், கெப்பாசிட்டர் எனப்படும் மின்பகுளிக் கொள்ளளவிகள் வெப்பத்தில் காய்ந்து முதுமையடைபவை. வெப்பநிலை 10 பாகை கூடினால் அவற்றின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது இலத்திரனியல் துறையில் பொதுவாகக் கொள்ளப்படும் கணக்கு. கொழும்பு வெப்பத்தில், தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பின்னால் காற்றோட்டமின்றிப் பத்து ஆண்டுகள் கிடந்த ஒரு மின்வழங்கி களைத்துப்போவதில் வியப்பில்லை.

ஆகவே புதிய 5 வோல்ட், 2 அம்பியர் மின்வழங்கி ஒன்றை வாங்குங்கள். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவிலும் புறக்கோட்டைக் கடைகளிலும் இவை கிடைக்கும். போகும்போது பழையதையும் கையோடு கொண்டுபோய், முனையின் தடிப்பும் ஒட்டியில் வரைந்திருக்கும் நேர், எதிர் குறியும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்த்தே வாங்குங்கள். கனடாவிலிருந்து வந்த மூல மின்வழங்கியையே தொடர்ந்து பயன்படுத்துவதாயின், அதன் உள்ளீடு 100 முதல் 240 வோல்ட் வரை என்று எழுதியிருக்க வேண்டும். 120 என்று மட்டும் எழுதியிருந்தால் நம் 230 வோல்ட் மின்சாரத்தில் அதைச் செருகவே கூடாது. இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன். ஒளியிழைப் பெட்டிக்கும் பெரும்பாலான ரவுட்டர்களுக்கும் வருவது 12 வோல்ட் மின்வழங்கி, அதன் முனை பிஏபி2டியின் துளைக்குள் தாராளமாகப் பொருந்தக்கூடும். வீடு கூட்டும்போது கழற்றி மாற்றிச் செருகினால் பெட்டியின் கதை அத்தோடு முடிந்துவிடும். ஒவ்வொரு முனைக்கும் அருகில் ஒரு துண்டுத் தாளில் எதற்குரியது என்று எழுதி ஒட்டிவிடுங்கள்.

2022இல் ஒரு நாளில் 13 மணி நேரம்வரை மின்சாரம் இல்லாதிருந்த காலத்தை நாம் யாரும் மறக்கவில்லை. பழைய செம்புக் கம்பித் தொலைபேசி பரிவர்த்தனை நிலையத்திலிருந்தே மின்சாரம் பெற்றதால் மின்வெட்டிலும் பேசியது; இது பேசாது. 5 வோல்ட்டும் 12 வோல்ட்டும் தனித்தனித் துளைகளில் தரும் சிறிய நேர்மின் யூபிஎஸ் ஒன்று இருந்தால் ஒளியிழைப் பெட்டி, அடாப்டர் இரண்டையும் சில மணி நேரம் தாங்கும். அதன் 5 வோல்ட் துளை 2 அம்பியர் தருமா என்பதை மட்டும் கேட்டு வாங்குங்கள்.

அடுத்து, எதையும் அழிப்பதற்கு முன் இருப்பதைப் பதிந்துவைப்பது. பெட்டியோடு இணைந்த தொலைபேசியைத் தூக்கி நட்சத்திரப் பொத்தானை நான்கு முறை அழுத்தினால் ஆங்கிலத்தில் ஒரு குரல் பேசும். 110# என்று அழுத்தினால் பெட்டியின் ஐபி முகவரியை அது வாசித்துச் சொல்லும். அந்த முகவரியை வீட்டுக் கணினியின் உலாவியில் இட்டால் அமைப்புப் பக்கம் திறக்கும். இந்தப் பக்கம் மறைகுறியாக்கம் இல்லாத பழைய எச்டிடிபி பக்கம் என்பதால், இன்றைய உலாவிகள் சில எச்சரிக்கை காட்டியோ எச்டிடிபிஎஸ் பக்கத்தைத் தேடியோ அடம்பிடிக்கும். முகவரிக்கு முன்னால் எச்டிடிபி என்பதை முழுமையாகத் தட்டச்சு செய்தால் போதும். உள்ளே நுழைந்ததும் மேல்மூலையில் இருக்கும் அட்மின் லொகின், அதன்பின் அட்வான்ஸ்ட் என்ற இரண்டையும் அழுத்தி, ஒவ்வொரு பக்கத்தையும் கணினியில் சேமித்துக்கொள்ளுங்கள். கடவுச்சொல் மட்டும் புள்ளிகளாகத்தான் தெரியும், அதை அந்தப் பக்கத்திலிருந்து திருப்பி எடுக்க முடியாது. அது உங்கள் அண்ணனின் கணக்கில் இருக்கிறதா, சேவை வழங்குநரின் தளத்தில் புதிதாக ஒன்றை அமைக்க முடிகிறதா என்று அவரிடம் முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

இங்கேதான் பலர் அவசரப்பட்டுத் தவறு செய்கிறார்கள்.  நட்சத்திரப் பொத்தானை நான்கு முறை அழுத்தி 73738# என்று இட்டு, கேட்கும்போது 1ஐ அழுத்தினால் பெட்டி தொழிற்சாலை நிலைக்குத் திரும்பும். எல்லாச் சிக்கலுக்கும் இதுவே மருந்து என்று எண்ணி முதலிலேயே இதைச் செய்துவிட்டு, பிறகு கணக்கு விவரம் எதுவும் கையில் இல்லாமல் தவித்தவர்களின் பெட்டிகள் என்னிடம் வந்திருக்கின்றன. உங்கள் நிலையில் இப்போதைக்கு இது தேவையே இல்லை.

அட்மின் பக்கம் உங்களுக்குத் தெரியாத கடவுச்சொல்லைக் கேட்டால், பெட்டி ஏதோவொரு சேவை வழங்குநரால் பூட்டப்பட்டதாக இருக்கலாம். அடியிலுள்ள ஒட்டியில் மாதிரிப் பெயருக்குப் பின்னால் என்ஏ என்ற இரண்டெழுத்து இருந்தால் அது பூட்டின்றி விற்கப்பட்ட வகை. அந்த எழுத்துகள் இல்லாமல் சேவை வழங்குநரின் சின்னம் பொறித்திருந்தால், அந்தப் பூட்டைத் திறக்கும் வழிகளைத் தேடி நாட்களைச் செலவிட வேண்டாம் என்பதே என் கருத்து. இந்த உழைப்புக்குப் பெட்டியின் பெறுமதி ஈடாகாது.

உள்ளே நுழைய முடிந்தால், முதலில் செய்ய வேண்டியது ப்ரொவிஷனிங் பக்கத்துக்குப் போய், ப்ரொவிஷன் எனேபிள், அப்கிரேட் எனேபிள் என்ற இரண்டையும் நோ என்று மாற்றுவது. இந்த வசதி, பெட்டி தானாகவே ஒரு வழங்கிக்குப் போய்த் தன் அமைப்புகளைத் தரவிறக்கிக்கொள்வதற்கானது. சேவை நல்லபடியாக இருந்த காலத்தில் அது உதவியது. இப்போதோ, நீங்கள் மாற்றிய அமைப்பை மறுநாள் பழையபடி எழுதிவிடும். அதைவிடக் கவலைக்குரியது, அந்த வழங்கியின் இணையப் பெயர் காலாவதியாகி வேறொருவர் கைக்குப் போயிருந்தால், உங்கள் பெட்டி முன்பின் தெரியாத ஒருவரிடம் போய்க் கட்டளை கேட்டுக்கொண்டிருக்கும்.

இனி ஒருபக்கக் குரலுக்கு வருவோம். சிப் செய்வது அழைப்பை ஏற்படுத்துவதை மட்டுமே. குரலைக் கொண்டுபோவது ஆர்டிபி என்ற வேறொரு ஓட்டம். அழைப்பு ஏற்படும்போது பெட்டி, எனக்குரிய குரலை இந்த முகவரிக்கு அனுப்பு என்று தன் கடிதத்துக்குள் எழுதி அனுப்புகிறது. ஆனால் அதற்குத் தெரிந்த முகவரி வீட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகும் 192.168 என்று தொடங்கும் முகவரிதான். தெருவின் பெயரும் கட்டட இலக்கமும் இல்லாமல், மூன்றாம் மாடி, இடப்பக்க வீடு என்று மட்டும் எழுதி ரொறன்ரோவுக்குக் கடிதம் போட்டால் பதில் எப்படி வந்துசேரும்? உங்களுடைய குரல் போய்ச் சேர்வதும், அங்கிருந்து வரவேண்டியது வழிதவறுவதும் இதனால்தான். இந்தக் குறையைத் தீர்க்கப் பெட்டிக்கும் சேவை வழங்குநருக்கும் தத்தம் வழிகள் உண்டு. ஆனால் நடுவில் ரவுட்டர் உதவி செய்கிறேன் என்று புகுந்து கடிதத்தைப் பிரித்துத் திருத்தும்போதுதான் எல்லாம் குழம்புகிறது. ரவுட்டரின் அந்த வசதிக்கு சிப் ஏஎல்ஜி என்று பெயர். ஒளியிழைப் பெட்டியின் அமைப்புப் பக்கத்தில், பெரும்பாலும் பாதுகாப்பு என்ற பகுதிக்குள் அல்லது வீட்டு முகவரியை வெளிமுகவரியாக மாற்றும் வேலைக்குரிய நாட் என்ற பகுதிக்குள், அதை அணைத்துவிடுங்கள். அந்தப் பக்கத்துக்குள் நுழைய உங்களுக்கு அனுமதி இல்லையென்றால், இணைப்பு தந்த நிறுவனத்தின் உதவிப் பிரிவை அழைத்து அணைத்துத் தரும்படி கேளுங்கள். சிப் ஏஎல்ஜி என்று அந்தப் பெயரையே சொல்லிக் கேட்டால்தான் காரியம் ஆகும்.

இன்னொரு சந்தேகமும் எனக்கு இருக்கிறது. ஒளியிழைக்கு மாறிய வீடுகளில் பழைய ரவுட்டரையும் கழற்றாமல் புதிய பெட்டியோடு கோத்துவைத்திருப்பதைப் பார்க்கிறேன். இரண்டும் தம்மை 192.168.1.1 என்று அழைத்துக்கொண்டிருந்தால் குழப்பத்துக்குக் கேட்கவே வேண்டாம். அப்படி இருந்தால் அடாப்டரின் கம்பியைப் பழைய ரவுட்டரிலிருந்து எடுத்து நேரே ஒளியிழைப் பெட்டியில் செருகி, அடாப்டரை ஒருமுறை அணைத்து எரியவிடுங்கள். என் கைபட்ட வீடுகளில் பாதிக்கு இதுவே போதுமாக இருந்தது.

அதன்பின் பெட்டிக்குள். லைன் 1 பக்கத்தில் நாட் மெப்பிங் எனேபிள், நாட் கீப் அலைவ் எனேபிள் இரண்டும் யெஸ் என்று இருக்கட்டும். சிப் பக்கத்தில் கீப் அலைவ் இடைவெளி 15 விநாடி என்று இருக்கும், அதை மாற்ற வேண்டாம். ரவுட்டர் திறந்துவைத்த வழியைப் பேச்சில்லாத நேரத்தில் மூடிவிடாமல், இடைக்கிடை கதவைத் தட்டிக்கொண்டிருப்பதுதான் இதன் வேலை. ஒளியிழை இல்லாமல் 4ஜி வீட்டு இணைப்பு வைத்திருப்போருக்கு இது இன்னும் அவசியம். அவ்விணைப்புகளில் பல வீடுகள் ஒரே வெளிமுகவரியைப் பகிர்வதால் பயன்படாத வழி விரைவில் மூடப்படும். சிப் பக்கத்தில் ஹேண்டில் வயா ஆர்போர்ட், இன்சர்ட் வயா ஆர்போர்ட் என்பவற்றையும் யெஸ் ஆக்குங்கள். இவ்வளவுக்குப் பிறகும் குரல் வராவிட்டால் மட்டும், பெட்டிக்கு அதன் வெளிமுகவரியைச் சொல்லித்தரும் ஸ்டன் வழங்கியைப் பற்றி யோசிக்கலாம். ரவுட்டரின் வாசலை வெளியுலகுக்குத் திறந்துவிடும் போர்ட் ஃபோர்வர்டிங், டிஎம்இசட் ஆகிய இரண்டின் பக்கமும் போகவே வேண்டாம். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

கணக்கு விவரங்களைப் புதிதாக இடவேண்டி வந்தால், ப்ராக்சி என்ற இடத்தில் சேவை வழங்குநர் தந்த வழங்கியின் பெயர், யூசர் ஐடி, பாஸ்வேர்ட் ஆகியவற்றை இட்டால் போதுமானது. கனடாவில் பல நகரங்களில் வழங்கி வைத்திருப்பவர்கள் எதைத் தேர்வது என்று கேட்பார்கள். பேசப்போகும் எண் ரொறன்ரோ எண் என்றால் ரொறன்ரோவையே தேருங்கள். குரலை இலக்கமாக்கி அனுப்பும் முறைக்கு ஜி.711யூ என்பதைத் தேருங்கள். இது இரு திசையிலும் தலா விநாடிக்கு 87 கிலோபிட் அளவில் எடுக்கும், ஒளியிழைக்கு அது ஒன்றுமேயில்லை. ஜி.729 ஏறத்தாழ 31 கிலோபிட்டில் முடித்துவிடும் என்றாலும் குரல் சற்று மெலிந்து கேட்கும், முதியவர்களின் காதுக்கு அந்த வேறுபாடு தெரியும். ஆர்டிபி பெக்கெட் சைஸ் என்ற இடத்தில் 0.030 என்று இருந்தால் 0.020 ஆக்குங்கள். கொழும்புக்கும் ரொறன்ரோவுக்கும் இடையிலான தொலைவால் பேச்சில் ஒரு சிறு தாமதம் இருக்கத்தான் செய்யும், அதைப் பெட்டியின் குறையாகக் கருத வேண்டாம்.

மணியைப் பற்றி ஒரு வார்த்தை. தொழிற்சாலை நிலையில் பெட்டி அமெரிக்க முறையில், 2 விநாடி ஒலித்து 4 விநாடி ஓய்ந்து மணியடிக்கும். அம்மாவின் காது பழகியது இரட்டை மணிக்கு என்றால், ரீஜனல் பக்கத்தில் ரிங்1 கேடன்ஸ் என்ற இடத்தில் 60(2/4) என்று இருப்பதை 60(.4/.2,.4/2) என்று மாற்றுங்கள். பெரியக்கா வீட்டில் இதை மாற்றிய அன்று, அடுத்த அறையிலிருந்த அத்தான் பழைய தொலைபேசிக்கு உயிர் வந்துவிட்டதா என்று கேட்டுக்கொண்டு எழுந்து வந்தார். லண்டனிலிருந்து யாரேனும் கொண்டுவந்த தொலைபேசியாயின், அதன் அகன்ற பிரித்தானிய முனையை மாற்றும் துணுக்கில் மணிக்கான கொள்ளளவி உள்ளே இருக்கும் வகையைப் பயன்படுத்த வேண்டும். இல்லாவிட்டால் பேச முடியும், மணி மட்டும் ஒலிக்காது. வட்டைச் சுழற்றும் பழைய தொலைபேசியின் துடிப்புகளை இந்தப் பெட்டி புரிந்துகொள்ளாது.

தொலைபேசியை அடாப்டரோடு நேரே இணைப்பதே நல்லது. வீட்டுச் சுவரிலுள்ள பழைய தொலைபேசித் துளைகளின் வழியே மற்ற அறைகளுக்கும் இதைப் பகிர விரும்பினால், வெளியிலிருந்து வரும் செம்புக் கம்பி அந்தச் சுவர்க் கம்பியிலிருந்து முற்றாகத் துண்டிக்கப்பட்டிருப்பதை முதலில் உறுதிசெய்யுங்கள். பரிவர்த்தனை நிலையத்திலிருந்து வரும் மின்னழுத்தம் அடாப்டரின் போன் துளைக்குள் ஏறினால் அது கருகிவிடும்.

எண்களை அழுத்தும் முறையையும் அம்மாவின் பழக்கத்துக்கு ஏற்றபடி அமைக்கலாம். டயல் ப்ளான் என்ற நீண்ட வரியில், இடப்பக்கம் அழுத்தியதை வலப்பக்கம் உள்ளதாக மாற்றும் ஓர் எளிய முறை இருக்கிறது. <00:011> என்று எழுதினால், நாம் இங்கே பழகிய 00ஐ அழுத்தினாலும் வட அமெரிக்காவின் 011 ஆக அது மாறிப் போகும். பத்து இலக்கக் கனடா எண்ணுக்கு முன்னால் <:1> என்று எழுதினால், முன்னால் 1 சேர்க்க மறந்தாலும் பெட்டி சேர்த்துக்கொள்ளும். ஒரு வடிவத்துக்குப் பின்னால் வியப்புக்குறியிட்டால் அந்த எண் தடைப்படும். 119ஐ நான் இவ்வாறே தடுத்துவைப்பதுண்டு. அதற்குக் காரணம் இருக்கிறது: இந்தத் தொலைபேசி கொழும்பில் இருந்தாலும் இதன் எண் கனடாவில் வாழ்கிறது. இதில் 119 பொலிசுக்குப் போகாது, 1990 சுவசெரிய அம்புலன்சுக்குப் போகாது, 110 தீயணைப்புக்குப் போகாது. தவறி 911 அழுத்தினால், கணக்கில் பதிந்த கனடா முகவரிக்கு அங்கே உதவி தேடப்படும். அவசர வேளையில் எந்தத் தொலைபேசியை எடுக்க வேண்டும் என்று பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதித் தொலைபேசிக்கு மேலேயே ஒட்டுங்கள். இந்தப் பதிலில் ஒன்றை மட்டும் செய்வதாக இருந்தால் இதைச் செய்யுங்கள்.

போர்ட் ஃபோர்வர்டிங் வேண்டாம் என்பதற்குக் காரணம் சொல்கிறேன் என்றேன்; அதுதான் நள்ளிரவு மணி. போர்ட் ஃபோர்வர்டிங் செய்த வீடுகளில் இரவு இரண்டு மணிக்குத் தொலைபேசி ஒலிக்கும். எடுத்தால் நிசப்தம், அழைத்தவர் எண் என்று 100 அல்லது 1001 என்று ஏதாவது தெரியும். உலகெங்கும் சிப் கருவிகளின் வழக்கமான 5060 வாசலைத் தட்டித்தட்டி, திறந்திருக்கும் பெட்டிகளைத் தேடும் தானியங்கி நிரல்களின் வேலை இது. நம் வீடுகளில் நடுச்சாமத்தில் தொலைபேசி ஒலித்தால் வயதானவர்களின் மனம் எங்கே போகும் என்பது உங்களுக்குத் தெரியும். வாசலைத் திறந்துவிடாதிருப்பதே முதற் காப்பு. அத்தோடு சிப் போர்ட்டை 5060இலிருந்து யாரும் ஊகிக்காத வேறோர் எண்ணாக மாற்றி, ரெஸ்ட்ரிக்ட் சோர்ஸ் ஐபி என்பதை யெஸ் ஆக்கினால், பதிவுசெய்த வழங்கியிலிருந்து வரும் அழைப்பை மட்டுமே பெட்டி ஏற்கும். பணப் பக்கத்தில், சேவைக் கணக்கில் தானாகப் பணம் நிரப்பும் வசதியை அணைத்து, தேவையற்ற நாடுகளுக்கான அழைப்பைத் தடுத்து, சிறு தொகையை மட்டும் வைத்திருக்கும்படி அண்ணனிடம் சொல்லுங்கள். கடவுச்சொல் எப்போதாவது கசிந்தாலும் இழப்பு அந்தத் தொகையோடு நின்றுவிடும்.

இதே வரிசையில் எஸ்பிஏ3102 போன்ற சில பெட்டிகளுக்கு உள்ளூர்த் தொலைபேசி இணைப்பையும் செருகும் துளை உண்டு. மாதம் இவ்வளவு தருகிறேன், இதை உங்கள் வீட்டு இணைப்பில் செருகிவைத்திருங்கள் என்று யாராவது கேட்டால் மறுத்துவிடுங்கள். வெளிநாட்டு அழைப்புகளை உரிமமின்றி உள்ளூர் இணைப்பில் இறக்குவது சட்டத்துக்கு மாறானது, பொறுப்பு இணைப்பின் பெயருக்குரியவர் தலையில்தான் விழும்.

பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றுமில்லை, ஆனால் கடற்கரை ஓரத்து வீடுகளுக்கு ஒன்று உண்டு. வெள்ளவத்தையில் ரயில் பாதைக்கு அப்பால் கடல், வருடம் முழுவதும் உப்புக் காற்று. தொலைபேசிக் கம்பியின் சிறிய முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், பொன்னிறமாக இருக்க வேண்டிய தொடுபுள்ளிகளில் பச்சைப் பூச்சு படிந்திருக்கும். பேசும்போது வறுபடுவது போன்ற இரைச்சல் கேட்டால் நான் முதலில் பார்ப்பது அதைத்தான். கம்பியைப் புதிதாக மாற்றி, துளைக்குள் ஐசோபுரொபைல் அல்ககோலில் நனைத்த மெல்லிய தூரிகையால் துடைத்து உலரவிட்டால் தெளிந்துவிடும். சித்திரையிலும் ஐப்பசியிலும் இடியோடு கூடிய மாலை மழை தொடங்கும்போது மின்வழங்கியைச் சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள். ஒளியிழை மின்னலைக் கொண்டுவராது, மின்கம்பி கொண்டுவரும். பெட்டியை ரவுட்டரின் மேல் அடுக்கிவைக்காமல் தனியாக, காற்றுப்படும்படி வையுங்கள். சேமித்துவைத்த அமைப்புப் பக்கங்களின் பிரதியொன்று அண்ணனிடமும் இருக்கட்டும்.

எப்போது விட்டுவிட வேண்டும் என்பதற்கும் வருகிறேன். இதற்குப் பின்வந்த சிஸ்கோ எஸ்பிஏ112இன் இணைய நிர்வாகப் பக்கத்தில், கடவுச்சொல் இல்லாமலே பெட்டியின் மென்பொருளை மாற்றியெழுத இடந்தரும் ஓட்டை இருப்பதாக 2023 மே மாதம் சிஸ்கோவே அறிவித்தது. கடுமை 10க்கு 9.8 என்று மதிப்பிடப்பட்ட அந்த ஓட்டைக்குத் திருத்தம் வெளியிடப்போவதில்லை என்றும், பெட்டியின் காலம் முடிந்துவிட்டது என்றும் அதே அறிவிப்பில் சொன்னது. உற்பத்தி நின்றுவிட்டது என்பதன் உண்மையான பொருள் இதுவே: பெட்டி வேலை செய்யும், ஆனால் அதில் இனி கண்டுபிடிக்கப்படும் ஓட்டையை அடைக்க யாரும் வரமாட்டார்கள். உங்கள் பிஏபி2டி அதைவிடப் பழையது. ஆகவே அதன் அமைப்புப் பக்கம் வெளியுலகுக்குத் தெரியாத வீட்டில், நம்பிக்கையானவர்கள் மட்டும் பயன்படுத்தும் இணைப்பில் மட்டுமே இதை வைத்திருக்கலாம் என்கிறேன். வீட்டின் ஒரு பகுதியை வாடகைக்கு விட்டு அதே வைஃபையைப் பகிர்கிறீர்கள் என்றால் என் பதில் மாறும்; அப்போது புதிய பெட்டிக்குப் போய்விடுங்கள். ஓபிஹாயின் ஓபி200 பெட்டியை வைத்திருப்போர், பெட்டியைத் தயாரித்தவரின் இணையத் தளத்தை நம்பியிராமல், பெட்டியின் சொந்தப் பக்கத்திலேயே அமைப்புகளை இட்டுத் தொலைவழி அமைப்பை அணைத்துவிட வேண்டும். ஓபிஹாய் 2018இல் பொலிகொம் கைக்கும், பொலிகொம்மின் வழிவந்த பொலி 2022இல் எச்பி கைக்கும் போய்விட்டன. கைமாறிக் கைமாறிப் போன ஒரு சிறு கருவியை எந்தத் தளம் எத்தனை காலம் சுமக்கும்?

புதிதாக வாங்குவதாயின் கிராண்ட்ஸ்ட்ரீம் எச்டி801 போன்ற ஒற்றைத் துளைப் பெட்டி உங்கள் தேவைக்குப் போதும். மேலே சொன்ன கணக்கு விவரங்களையும் நாட் அமைப்பையும் அப்படியே அதிலும் இடலாம், பெயர்கள் மட்டுமே சற்று வேறுபடும். பழைய பெட்டிக்கென வாங்கிய 5 வோல்ட் மின்வழங்கியை அதில் செருகுவதற்கு முன் புதியதன் ஒட்டியை ஒருமுறை வாசித்துக்கொள்ளுங்கள்.

இந்த வார இறுதியில் மின்வழங்கியை மாற்றிவிட்டு, சிப் ஏஎல்ஜியை அணைத்து, அண்ணனை ஓர் அழைப்பு எடுக்கச் சொல்லுங்கள். அழைப்பு 15 நிமிடம் தடையின்றி நீள்கிறதா என்று பாருங்கள். சில வழங்கிகள் அந்த இடைவெளிக்குள் ஒருமுறை தொடர்பைப் புதுப்பிக்கும், நாட் சரியில்லையென்றால் அங்கேதான் துண்டிக்கும். அப்படித் துண்டித்தால், எத்தனையாவது நிமிடத்தில் என்பதைக் குறித்து எழுதுங்கள். அந்த ஓர் எண்ணை வைத்தே அடுத்து எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன்.